அவருக்குப் பதில் இனி இவர்

செவ்வாய்

மதியத் தொடர்களின் வரலாற்றிலேயே மிகப் பெரிய நடிகர்கள் யார் என்று முடிவு செய்ய இன்று வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள் கூடினார்கள். இதற்கு முன் இவ்வளவு பேர் இவ்வளவு தீவிரமாக எதையாவது முடிவு செய்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. அப்படி எழுதுவது நியாயமா என்றும் தெரியவில்லை. காதில் விழும் பேச்சைத் தினமும் எழுதி வாருங்கள், உங்கள் அபிப்பிராயத்தைக் கலக்காதீர்கள் என்று மாலை வகுப்பில் மொழியியல் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது பகுதி எனக்கு வரவில்லை.

விஷயத்தை ஒழுங்காகத் தொடங்குகிறேன். பகலில் நான் சாசுவதம் என்ற நிறுவனத்தில் சரிபார்ப்பாளர். அங்கே நிலையுரு செய்கிறார்கள். ஒரு நடிகர் நடித்த எல்லா எபிசோடுகளையும் இயந்திரம் விழுங்கிவிடும். பிறகு அதே முகத்தோடு, அதே குரலோடு, எந்தப் புதுக் காட்சியைக் கொடுத்தாலும் நடிக்கும். அதற்கு வயதாகாது. கேரவன் கேட்காது. இயக்குநரோடு சண்டை போட்டுவிட்டுப் பாதியில் போகாது.

இதற்கு ஒரு சட்டம் உண்டு. யாரை வேண்டுமானாலும் நிலையுரு ஆக்கிவிட முடியாது. ரசிகர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவரை மட்டும்தான் ஆக்கலாம். ஆக்கிய பிறகு அந்த மனிதர் நடிக்கக் கூடாது, ஏனென்றால் ஒரு முகத்துக்கு ஒரு நடிப்புதான். கலைஞர்களைப் பாதுகாக்க வந்த சட்டம் என்கிறார்கள். ஆடுகளைப் பாதுகாக்க, எது முதலில் வெட்டப்பட வேண்டும் என்பதை ஊர்கூடி முடிவு செய்வது போன்ற பாதுகாப்பு.

ஊர் என்பது மதியத் தொடர் ரசிகர் பேரவை. தலைவர் அகோரமூர்த்தி, ஓய்வு பெற்ற தாசில்தார். செயலாளர் திரிபுரசுந்தரி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பிறப்புச் சான்றிதழுக்கு அலையவிட்டவரும் முட்டி போட வைத்தவரும் சேர்ந்து கலையைக் காக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். ஓட்டுப் போடக் கையைத் தூக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு பட்டை மணிக்கட்டில். காட்சி ஓடும்போது யார் எவ்வளவு உருகினார் என்று அதுவே கணக்கெடுத்துவிடும். உருகினால் ஓட்டு.

பாயசத்தில் விஷம் வைத்தல், மாடிப்படியில் உருளல், நினைவு தப்புதல், ஒட்டுக்கேட்டல் என்று தனித்தனிப் பிரிவுகள். ஒட்டுக்கேட்டலில் மட்டும் ஒரு மணி நேரம் சண்டை. கதவுக்குப் பின்னால் நிற்பது பெரிதா, ஜன்னலுக்கு வெளியே நிற்பது பெரிதா என்பது பிரச்சினை.

“ஜன்னல்ல நிக்கிறவளுக்குக் காத்து இருக்கு, வெளிச்சம் இருக்கு,” என்றார் திரிபுரசுந்தரி. “கதவுக்குப் பின்னாடி ஒண்ணுமே கிடையாது. மூக்குத்தி ஒண்ணுதான் தெரியும். அந்த மூக்குத்தியை வச்சு நடிக்கணும் சார்.”

இதற்குக் கைதட்டினார்கள். பத்மாஞ்சலியைத்தான் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடமாக மதியம் இரண்டரை மணிக்குத் தமிழ்நாட்டை அழ வைப்பவர். ‘ஏழாவது தாலி’யில் மருமகள், ‘அத்தை மாளிகை’யில் அத்தை. இப்போது ‘நெருப்பு முற்றம்’ தொடரில் வீட்டுக்கு மூத்தவர். அறுபதைத் தாண்டியும் ஒருநாள் படப்பிடிப்பைத் தவறவிடாதவர்.

நான் அகோரமூர்த்தியிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். தொடர்களில் ஒரு நடிகர் போய்விட்டால் மறுநாள் அதே புடவையில், அதே சோபாவில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். ‘அவருக்குப் பதில் இனி இவர்’ என்று கீழே ஒரு கார்டு ஓடும். கட்டிய கணவனுக்கே வித்தியாசம் தெரியாது. அப்படி ஆளை மாற்றினால் பேசாமல் பார்க்கிற நீங்கள், மாபெரும் நடிகர் என்று ஒருவரை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கேரக்டர்தான்மா முக்கியம்,” என்றார். “ஆளு வரும், போகும்.”

பதில் அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு பஜ்ஜி எடுக்கப் போனார்.

வெள்ளி

இன்று இறுதிச் சுற்று. தேர்வாகப் போகிற பத்துப் பேரையும் நேரில் வரவழைத்திருந்தார்கள். மற்ற ஒன்பது பேரும் மேடையில் சிரித்த முகமாக இருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே வாய்ப்பு இல்லை. நிலையுருவாவது சம்பாதித்துப் போடட்டும் என்று நினைத்திருக்கலாம். அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பத்மாஞ்சலி மட்டும் மேடைக்குப் போகாமல் என் மேஜைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். என் அம்மா இவரைப் பார்த்துத்தான் மதியச் சாப்பாட்டை ஆறவிடுவார். நான் அந்தத் தொடர்களைக் கேவலம் என்று சொல்லி வளர்ந்தவள். ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன்.

“நீதான் ரூல்ஸ் பாக்குற பொண்ணா? வேணாம்னு சொல்றதுக்கு வழி இருக்காம்மா?”

இருந்தது. தேர்வு முடிவதற்குள் நேரில் வந்து, நடிப்பல்லாத பேச்சில் மறுக்கலாம் என்று ஒரு விதி. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. நான் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். ஏன் மறுக்கிறீர்கள், பெருமைதானே என்றும் கேட்டேன். சம்பிரதாயத்துக்குக் கேட்டதுதான்.

“ஷூட்டிங் இல்லாத அன்னைக்கு நான் வீட்டுல என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. சோபாவுல உக்காந்துருப்பேன், யாரோ ‘ரெடி’ன்னு கூப்பிடுவாங்கன்னு,” என்றார்.

பிறகு மேடைக்குப் போனார். மைக்கைக் கையில் வாங்கினார். மண்டபம் அடங்கியது.

“கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன். என்னைத் தேர்ந்தெடுக்காதீங்க. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். காலையில எந்திரிச்சா போறதுக்கு எனக்கு அந்த ஒரு இடம்தான் இருக்கு. அதையும் என்கிட்டேருந்து பறிச்சுடாதீங்க.”

குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. கண்ணீர் இமையில் ஒரு கணம் நின்று, பிறகு விழுந்தது. பிறகு மண்டபம் வெடித்தது. விசில். பின்னால் யாரோ ‘ஒன்ஸ் மோர்’ என்று கத்தினார்கள். திரிபுரசுந்தரி மூக்கைச் சிந்திக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம், இதுக்கு முன்னாடி இவ்ளோ இயல்பா நடிச்சதே இல்லைங்க, என்றார். பட்டைகள் எல்லாம் உச்சத்தைத் தொட்டன. பேரவையின் வரலாற்றில் எந்தக் காட்சிக்கும் அவ்வளவு உருக்கம் பதிவானதில்லை.

பத்மாஞ்சலி கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்றார். கைதட்டல் அடங்குவதற்காக நிற்கிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் தட்டினார்கள்.

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். ரசிகர்களை மிகைப்படுத்தி எழுதிவிட்டேனா என்று யோசித்தேன். இல்லை. குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பிறந்தநாள் கேக் ஒன்று வெட்டப்பட்டதை விட்டுவிட்டேன். யாருடைய பிறந்தநாள் என்று கடைசி வரை தெரியவில்லை.

சனி

மறுப்பு செல்லாது என்று இயந்திரம் சொல்லிவிட்டது. என் மேலாளர் ரோஷன் அதை எனக்குக் காட்டினார். பத்மாஞ்சலி மேடையில் பேசிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஒரு பழைய எபிசோடு. ‘உயிரோடதான் இருக்கேன்’ என்பது ‘ஏழாவது தாலி’யில் மாமியார் வீட்டார் அவருக்குத் திதி கொடுக்கும் காட்சி. ‘பறிச்சுடாதீங்க’ என்பது ‘அத்தை மாளிகை’, குழந்தையைப் பிடுங்கும் காட்சி. அதனால் மேடையில் நடந்தது நடிப்பு. நடிப்பில் சொன்ன மறுப்பு மறுப்பாகாது.

“சார், அவங்க நிஜமாத்தான் சொன்னாங்க,” என்றேன்.

“இருக்கலாம். அச்சு அசலா ஒரே வார்த்தையா இருக்கணும்னு இல்ல அல்லி. கருத்து, தொனி, மூச்சு விடற இடம், இந்த மூணும் ஒத்துப்போனா மெஷின் அதை நடிப்புன்னுதான் எடுத்துக்கும்.”

“நிஜமா சொல்றப்பவும் அப்படித்தானே மூச்சு விடுவாங்க?”

“அதுக்கு மெஷின் என்ன பண்ணும்? இந்தம்மா முப்பது வருஷத்துல ஒரு பொம்பளை பேசக்கூடிய எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டாங்க. மிச்சம் வச்சிருந்தா நாமளே விட்ருப்போம்.”

அவர் கெட்டவர் இல்லை. மேஜையில் மகள் வரைந்த யானைப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். யானைப் படம் வைத்திருப்பவர்கள்தான் இதையெல்லாம் செய்கிறார்கள்.

ஒரே ஒரு மேல்முறையீடு உண்டு. விசாரணையில் பத்மாஞ்சலி தன் சொந்தப் பேச்சு என்று ஏதாவது ஒன்றைப் பேச வேண்டும். ஒரு வாக்கியம் போதும். பழைய எபிசோடு எதோடும் அது பொருந்தாமல் இருந்தால் அவருக்கு நடிப்பல்லாத பேச்சும் உண்டு என்று ஆகும். மறுப்பைத் திரும்பக் கேட்பார்கள்.

இது எளிது என்று நினைத்தேன். போன மாதம்தான் வகுப்பில் படித்தோம். மனிதன் வாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் இதுவரை யாரும் பேசாத வாக்கியம்தானாம். மொழி என்பதே அதுதானாம். அதற்கு நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

ஞாயிறு

சாலிகிராமத்தில் அவருடைய வீட்டுக்குப் போனேன். அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாவது முறை மணியை அடித்தேன். பொருத்தம் பார்க்கும் செயலி என் போனில் இருக்கிறது. அதை மேஜையில் வைத்து, சாதாரணமாகப் பேசுங்கள் மேடம் என்றேன்.

“காபி குடிக்கிறியாம்மா?”

போன் சிணுங்கியது. பொருத்தம். எத்தனை இடத்தில் என்று காட்டவே அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இந்தக் குக்கர் மூடி சரியா உக்கார மாட்டேங்குது.”

பொருத்தம். குக்கர் வெடித்து மருமகளுக்குக் கண் போகும் காட்சி. எனக்குப் பல் வலி என்றார். பொருத்தம். கீழ்வீட்டுக்காரர் நாயைக் கட்டிப்போட மாட்டேங்கிறார் என்றார். நாய்க்குப் பதில் தம்பி என்று வைத்தால் அதுவும் பொருத்தம். முதலில் இருவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். சின்ன வயதில் மாம்பழத்துக்கு அடி வாங்கியது, வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தது. எல்லாம் எங்கேயோ எப்போதோ யாரோ எழுதிக்கொடுத்து இவர் பேசியது.

“அவர் போன அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன சொல்லி அழுதேன்னு சொல்லவா?” என்றார். இவருடைய கணவர் பத்து வருடத்துக்கு முன் இறந்தவர்.

வேண்டாம் மேடம் என்றேன். சொன்னார். பொருத்தம்.

அவர் போனைப் பார்க்கவில்லை. “எனக்கு அப்பவே தெரியும். அழுதுக்கிட்டே இருந்தவ, சட்டுன்னு தலையை இந்தப் பக்கம் திருப்புனேன். கேமரா இந்தப் பக்கம் இருக்கும்னு. அங்க ஒரு நர்ஸ்தான் நின்னா.”

அப்போதும் ஒரு கேவலமான சந்தேகம் வந்தது. இதையும் இவர் நடிக்கிறாரோ என்று. வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் விசில் அடித்தவர்களுக்கும் எனக்கும் அப்படியொன்றும் பெரிய தூரம் இல்லை.

வாசல் மணி அடித்தது. பேரவைக்காரர்கள். அகோரமூர்த்தி தலைமையில் மாலை, சால்வை, ஒரு பெரிய பிரேம் போட்ட படம். படத்தில் பத்மாஞ்சலியின் முகம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கீழே ‘என்றும் எங்களுடன்’ என்ற எழுத்து. உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலிப் படம் கொடுக்கிறோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாலையைப் படத்துக்கே போட்டார்கள். அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆளைவிடப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கத்தான் தள்ளுமுள்ளு. நாங்க தேர்ந்தெடுத்ததுல உங்களுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துச்சு பாருங்க மேடம், அதுதான் எங்களுக்குக் கிடைச்ச விருது, என்றார் அகோரமூர்த்தி.

பத்மாஞ்சலி அழகாகச் சிரித்து அனுப்பிவைத்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே, கதவைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னார்.

அதை இங்கே எழுத முடியாது. அச்சில் ஏறாத வாக்கியம். அதில் ஒரு நாய் வருகிறது, ஒருவனுடைய பரம்பரை வருகிறது, ஒரு தீக்குச்சி எங்கே செருகப்பட வேண்டும் என்பது மிகத் துல்லியமாக வருகிறது. அவர் எப்போதும் பேசும் தொடர்த் தமிழ் இல்லை அது. வேறு ஊர், வேறு வாய்.

போன் சிணுங்கவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். ‘பொருத்தம் இல்லை’ என்று இருந்தது.

“ஆத்தாடி,” என்றார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ‘ஆத்தாடி’யும் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். சரியாகப் பார்க்கவில்லை.

பிறகு சொன்னார். அவருடைய சொந்தப் பெயர் முத்துப்பேச்சி. சாத்தூர்ப் பக்கம். சினிமாவுக்கு வருவதற்கு முன், தீப்பெட்டி ஆபிஸ் என்று அங்கே சொல்லும் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டியவர். பெயரை மாற்றியவர்கள் பேச்சையும் மாற்றினார்கள். அங்கே இருந்த மேற்பார்வையாளனுக்கென்றே பெண்கள் ஒரு வசவு வைத்திருந்தார்கள். கதவைப் பார்த்துச் சொன்னது அதைத்தான்.

“ஒருத்தி செஞ்சது இல்ல அது. ஆளுக்கொரு வார்த்தையாச் சேத்தது. அவன் கடந்து போறப்ப எல்லாரும் வாய மட்டும் அசைப்போம், சத்தம் வராது. அம்புட்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் சத்தமாச் சொல்லுறேன்.”

தொடர்களில் எல்லாம் உண்டு. கொலை உண்டு, கள்ள உறவு உண்டு, பாயசத்தில் விஷம் உண்டு. கெட்ட வார்த்தை மட்டும் கிடையாது. குடும்பத்தோடு பார்ப்பதாயிற்றே. முப்பது வருடத்தில் அவர் பேசாமல் விட்டது அது ஒன்றுதான்.

வியாழன்

இன்று விசாரணை. ரோஷன், நான், பேரவை சார்பில் அகோரமூர்த்தி, திரிபுரசுந்தரி. சுவரில் இயந்திரத்தின் திரை. பத்மாஞ்சலி பருத்திப் புடவையில், முகத்தில் ஒன்றும் பூசாமல் வந்தார். திரிபுரசுந்தரி அவரை உற்றுப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டார்.

ரோஷன் தலையசைத்ததும் பத்மாஞ்சலி அகோரமூர்த்தியைப் பார்த்து அதைச் சொன்னார். முழுவதும், நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மரியாதையோடு. திரிபுரசுந்தரி காதைப் பொத்தியபோது தீக்குச்சி வரை வந்தாகிவிட்டது. அகோரமூர்த்தியின் வாய் திறந்தபடி இருந்தது. தாலுகா ஆபிஸில் அவர் எத்தனையோ பேரை அதைச் சொல்ல வைத்திருப்பார், ஆனால் எல்லோரும் வாசலைத் தாண்டிப் போய்த்தான் சொல்லியிருப்பார்கள்.

திரையில் வந்தது. பொருத்தம் இல்லை.

நான் மூச்சை விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் இரண்டாவது வரி வந்தது. பேசியவர் பத்மாஞ்சலி அல்ல.

பிறகு ரோஷன் மெதுவாக விளக்கினார். இயந்திரத்துக்குப் பத்மாஞ்சலியைத் தெரிந்ததெல்லாம் எபிசோடுகள் வழியாகத்தான். அவர் எப்படிப் பேசுவாரோ அதுதான் அவர். அப்படிப் பேசாதவர் அவர் இல்லை. மேல்முறையீடு செய்யும் உரிமை பத்மாஞ்சலிக்கு மட்டும்தான் உண்டு.

“சார், இவங்க இங்கதானே உக்காந்திருக்காங்க,” என்றேன்.

“நான் பாக்குறேன் அல்லி. நான் பாத்து என்ன பிரயோஜனம்? கையெழுத்து மெஷின்தானே போடணும்.”

பத்மாஞ்சலி திரையைப் பார்த்தார். “அப்போ நான் யாரு?”

திரை உடனே பதில் சொன்னது. பொருத்தம். ‘ஏழாவது தாலி’, நினைவு தப்பிய நாயகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கும் காட்சி. பேசியவர், பத்மாஞ்சலி.

“இப்ப ஏத்துக்குதுல்ல? இப்ப நான்தானே?” என்றார். பொருத்தம். இரட்டைச் சகோதரி காட்சி. அவராக இருந்தால் நடிக்கிறார். நடிக்காவிட்டால் அவர் இல்லை. இதை நான் வீட்டிலேயே யோசித்திருக்க வேண்டும். போனில் ‘பொருத்தம் இல்லை’ என்ற ஒரு வரியைப் பார்த்தவுடன் குதித்துவிட்டேன். என் மொழியியலுக்கு இனி யார் மதிப்பெண் போட்டாலும் நான் நம்பப் போவதில்லை.

“எங்க பத்மாஞ்சலி இந்த மாதிரி வார்த்தையெல்லாம் பேச மாட்டாங்க,” என்றார் அகோரமூர்த்தி. அவருக்கு இப்போது குரல் திரும்பியிருந்தது. “மெஷின் சரியாத்தான் சொல்லுது. நாங்க முப்பது வருஷமா பாக்குறோம். எங்களுக்குத் தெரியாதா அவங்களை?”

திரிபுரசுந்தரியும் தலையாட்டினார். பார்க்கும்போதே சந்தேகமா இருந்துச்சு என்றார்.

முத்துப்பேச்சி எழுந்தார். நான் இனி அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். கதவு வரை போய், திரும்பி, அவர்கள் இருவரையும் பார்த்து வாயை மட்டும் அசைத்தார். சத்தம் வரவில்லை. நாயும் பரம்பரையும் எனக்குப் புரிந்தன. அவர்கள் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதில் வணக்கம் வைத்தார்கள்.

புதன், ஒரு மாதத்துக்குப் பிறகு

நிலையுருவின் முதல் எபிசோடு இன்று வந்தது. ‘நெருப்பு முற்றம்’, இரண்டரை மணி. நான் அலுவலகத்தில் சரிபார்க்க உட்கார்ந்தேன். படத்தில் குறை ஏதாவது இருந்தால் குறித்து அனுப்புவது என் வேலை. பேரவைக்காரர்கள் தங்கள் வீடுகளில் பட்டைகளோடு காத்திருந்தார்கள். அவர்களுடைய உருக்கம் என் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சாவு வீட்டுக் காட்சி. மூத்த மகன் இறந்துவிட்டான், அல்லது இறந்ததாக நினைக்கிறார்கள். பத்மாஞ்சலி உடல்மேல் விழுந்து, கையெடுத்துக் கும்பிட்டு, அதையும் என்கிட்டேருந்து பறிச்சுடாதீங்க என்று கதறினார். மண்டபத்தில் பேசிய அதே வாக்கியம். இயந்திரம் அதையும் விழுங்கியிருக்கிறது. அதிக உருக்கம் பதிவானதை அது வீணாக்குமா? குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. கண்ணீர் இமையில் நின்று விழுந்தது. கீழே கார்டு ஓடியது.

‘பத்மாஞ்சலிக்குப் பதில் இனி பத்மாஞ்சலி.’

நிகழ்ச்சிப் பிரிவில் யாரோ வழக்கப்படி பெயர்களை நிரப்பியிருக்கிறார்கள். அதைப் படித்து ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை போலிருக்கிறது. அது குறையா என்று யோசித்தேன். தகவல் சரிதான். விட்டுவிட்டேன்.

பிறகுதான் பின்வரிசையைப் பார்த்தேன். கூட்டத்துக்கு இன்னும் மனிதர்கள்தான். நிலையுருக் கூட்டம் செய்ய ஆகும் செலவுக்கு நூறு பேருக்குப் பிரியாணி போட்டு நிற்க வைத்துவிடலாம். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய மாட்டார்கள். சும்மா வாயை அசைத்து அழுங்கள் என்பார்கள், ஒப்பாரியைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். அந்த வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் முத்துப்பேச்சி நின்றார்.

போனில் கூப்பிட்டேன். படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்தார்.

“ஆளெடுக்கிற பையன் என்னைப் பாத்துட்டு, பத்மாஞ்சலி மேடம் ஜாடை இருக்கே, மூஞ்சி தெரியாம பின்னாடி நில்லுங்கன்னான். அந்தம்மா நான் இல்லைன்னு உங்க மெசினு சொல்லிருச்சுல்ல, பெறகு யாரு தடுக்க? கேரவன் இல்ல. டீ ஆறிப்போயி வருது. காலையில போறதுக்கு ஒரு எடம் இருக்கு, போதும்.”

நீங்கள் அங்கே வாயை அசைத்து என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

“பாக்கத்தான செய்யுற,” என்றார்.

மாலையில் அகோரமூர்த்தியிடமிருந்து ஒரு புகார் வந்தது. மேடத்தின் நடிப்பு மெய்சிலிர்க்க வைத்தது. ஆனால் பின்வரிசையில் தூணருகே நிற்கும் ஒரு பெண்மணி ஓவர் ஆக்டிங். கவனம் சிதறுகிறது. நடிக்கத் தெரியாதவர்களை நீக்கவும்.

சரிபார்ப்பாளர் பதில் போட வேண்டும். வெகுநேரம் யோசித்தேன். கூட்டத்தில் நிற்பவர்களை மாற்றினால் கார்டு போடும் வழக்கம் இல்லாததால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்று எழுதினேன். அதற்கு அர்த்தம் கிடையாது. ஓய்வு பெற்ற தாசில்தாருக்கு அது புரியும். பதவியில் இருந்த காலத்தில் அவரும் இப்படித்தான் எழுதியிருப்பார். நன்றி தெரிவித்துப் பதில் அனுப்பியிருக்கிறார்.

வியாழன்

சாவு வீடு இன்றும் தொடர்கிறது. குறைந்தது இன்னும் இரண்டு வாரம் போகும்.

பின்வரிசையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். முத்துப்பேச்சியின் உதடுகள் அசைந்தன. நாய், பரம்பரை. பக்கத்தில் நின்ற பெண்ணின் உதடுகளும் அசைந்தன. அவருக்கு அடுத்தவருடையதும். தூணுக்கு அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டு அழும் ஒல்லியான பெண் கொஞ்சம் பின்தங்கி வந்து, தீக்குச்சியில் எல்லோரோடும் சேர்ந்துகொண்டார். நேராகக் கேமராவைப் பார்த்து, வரிசை முழுக்க, ஒரே நேரத்தில். மேலே ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது.

குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திரையின் ஓரத்தில் பட்டைகளைப் பார்த்தேன். திரிபுரசுந்தரி உருகிக்கொண்டிருந்தார். அகோரமூர்த்தி உச்சத்தில் இருந்தார்.